சிறைக்காவலரின் மகள் என்று சொல், தலை நிமிர்ந்து சொல்!

“நீ யார் வீட்டுப் பிள்ளை?” என்று ஒருவர் கேட்டதும் உன் குரல் தாழ்ந்துபோகிறதா? “அப்பாவுக்குச் சாதாரண வேலைதாங்க, பெரிசா சொல்லிக்கிற மாதிரி ஒண்ணுமில்லை” என்று முனகிவிட்டுப் பேச்சை மாற்றுகிறாயா? பாட்டன் பெயரைச் சொன்னால் ஊரில் நாலு பேருக்குத் தெரியாது. பூட்டன் பெயர் உனக்கே தெரியாது. அந்தக் குறையைச் சுமந்துகொண்டே நேர்முகத் தேர்வுக்குப் போகிறாய். மேடை ஏறச் சொன்னால் பின்வாங்குகிறாய். பெரிய வீட்டுப் பிள்ளைகளோடு ஒரே பந்தியில் உட்காரக்கூட உடம்பு கூசுகிறது. போதும்! இந்தக் கூச்சத்துக்கு இன்றோடு முடிவு கட்டு!

நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் சொல்கிறேன், பார்! அடிவரைக்கும் போய்ப் பார்! மூலத்தைக் கிளறினால் மானம் போய்விடும் என்று நடுங்குகிறவர்களுக்குத்தான் அந்தத் தடை. உழைத்துச் சாப்பிட்ட வீட்டில் பிறந்த உனக்கு என்ன நடுக்கம்?

எப்படிப் பார்ப்பது, பார்த்தபின் என்ன செய்வது என்று தெரிந்துகொள்ள ஒரு சுவீடன் நாட்டுப் பெண்ணின் குடும்ப வரலாற்றைச் சொல்கிறேன். அவள் இறந்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அவளுடைய பாட்டன் யார் என்று கேட்டால் பதில் கிடையாது. அவளுடைய பேரன் யார் என்று கேட்டால் வரலாற்று நூல்கள் வரிந்து கட்டிக்கொண்டு பதில் சொல்லும். அவள் பெயர் காரின் மோன்ஸ்டோட்டர்.

கையில் கிடைப்பவை இரண்டே பெயர்கள்

காரின் 1550ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் பிறந்தவள். தந்தை பெயர் மோன்ஸ். படைவீரராக இருந்து பிறகு சிறைக்காவலர் ஆனவர் என்கிறார்கள். தாய் பெயர் இங்ரிட். சந்தைச் சதுக்கத்தில் காய்கறி விற்றவர் என்கிறார்கள். பூர்வீகம் உப்லாந்து வட்டாரத்து உழவர் குடி. அதற்கு மேல் ஒரு படி ஏறிப் பார்க்கலாம் என்றால் சுவர்தான். மோன்ஸின் தந்தை யார், இங்ரிட்டின் தாய் யார், ஒன்றுக்கும் ஏடு இல்லை.

மோன்ஸ்டோட்டர் என்பதைக் குடும்பப் பெயர் என்று நினைத்துவிடாதே. மோன்ஸின் மகள், அவ்வளவுதான். அன்றைய சுவீடனில் சாதாரண மக்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆண்டர்ஸின் மகன் ஆண்டர்ஸ்சன், அவனுடைய தங்கை ஆண்டர்ஸ்டோட்டர். கல்யாணம் ஆனாலும் பெண்ணின் பெயரில் கணவன் பெயர் ஏறாது. சாகும்வரை அவள் அப்பனின் மகள்தான். நம் பெயருக்கு முன்னால் நிற்கிற இனிஷியல் செய்கிற வேலையைத்தான் அங்கே பெயருக்குப் பின்னால் வரும் சொல் செய்தது. ஆகவே ஒவ்வொரு தலைமுறையிலும் பெயர் மாறும். பெயரைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறலாம் என்றால் முடியாது. ஆளைப் பிடிக்க வேண்டும், ஊரைப் பிடிக்க வேண்டும், பண்ணையைப் பிடிக்க வேண்டும்.

காரினுக்குப் பத்து வயது ஆவதற்குள்ளேயே தாயும் தந்தையும் போய்விட்டார்கள் என்று தெரிகிறது. அனாதைப் பெண் என்ன செய்வாள்? வேலைக்குப் போனாள். அரசவை இசைக் கலைஞர் ஒருவர் வீட்டில் பணிப்பெண். பிறகு அரசனின் தங்கை இளவரசி எலிசபெத்துக்குப் பணிப்பெண். 1565ல் அரசன் எரிக்கின் கண்ணில் பட்டாள். அவளுக்கு வயது பதினான்கு, அவனுக்கு முப்பத்தொன்று. அவளுக்கு விருப்பமா என்று கேட்க அந்தக் காலத்தில் நாதியில்லை. அரண்மனையில் அவளுக்கென்று தனி அறை, பட்டு உடை, பணியாட்கள் எல்லாம் வந்தன. எழுதப் படிக்கவும் அங்கேதான் கற்றாள்.

சந்தையில் கொட்டைப் பருப்பு விற்றுக்கொண்டிருந்தாள், அரசன் குதிரையில் வந்தான், அழகில் மயங்கினான் என்று பின்னாளில் ஒரு கதை கட்டினார்கள். இனிக்கிற கதைதான், ஆனால் ஆதாரம் இல்லை. வம்சம் தேடுகிறவன் மனதில் எழுதிக்கொள்ள வேண்டிய முதல் பாடம் இது: இனிப்பான கதை முதலில் வரும், உண்மை பின்னால் வரும். உண்மை வரும்வரை காத்திருக்கிற திராணி உனக்கு வேண்டும்.

அரசனின் எண் கற்பனை, அவள் பெயர் நிஜம்

அந்த அரசனின் கதையையும் கேள். வரலாறு அவனைப் பதினான்காம் எரிக் என்று சொல்கிறது. அப்படியானால் அவனுக்கு முன்னால் பதின்மூன்று எரிக்குகள் சுவீடனை ஆண்டிருக்க வேண்டுமே? ஆளவில்லை! யொஹான்னஸ் மாக்னுஸ் என்ற பேராயர் எழுதிய வரலாற்று நூல் 1554ல் ரோமில் அச்சானது. தன் நாட்டின் பழமையை உயர்த்திக் காட்ட இல்லாத மன்னர்களை எல்லாம் வரிசை கட்டி அதில் நிறுத்தியிருந்தார். அந்தக் கற்பனை வரிசையை எண்ணித்தான் எரிக் தன்னைப் பதினான்காமவன் என்று சொல்லிக்கொண்டான். அவன் தம்பி காரல் பின்னாளில் ஒன்பதாம் காரல் ஆனதும் அதே கணக்கில்தான். இன்றைய மன்னர் பதினாறாம் காரல் குஸ்தாவின் பெயரிலும் அந்தக் கணக்கே ஓடுகிறது.

இவ்வளவுக்கும் எரிக்கின் தந்தை குஸ்தாவ் வாசா 1523ல் தேர்ந்தெடுக்கப்பட்டு அரியணை ஏறியவர். அரச பரம்பரை என்று மார்தட்ட அந்த வீட்டுக்கு ஒரே ஒரு தலைமுறைதான் இருந்தது!

இப்போது இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வை. அரசனின் பெயரில் இருந்த எண் கற்பனை. பணிப்பெண்ணின் பெயரில் இருந்த தந்தை நிஜம். அந்த மோன்ஸ் சாவிக்கொத்தோடு சிறைவாசலில் நின்றவர், கூலி வாங்கி மகளுக்குச் சோறு போட்டவர். எது உயர்ந்தது, நீயே சொல்!

குலப்பெருமை பேசி உன்னைக் குனிய வைக்கிறவர்களைப் பார்த்து இனி மிரளாதே. அவர்கள் சொல்கிற பழம்பெருமையில் எவ்வளவு ஏட்டில் இருந்தது, எவ்வளவு கூலிக்கு எழுதி வாங்கியது என்று அவர்களுக்கே தெரியாது. நீயும் அந்த வழிக்குப் போய் இல்லாத ஜமீனை உண்டாக்காதே. இல்லாத பாட்டனைச் சொல்லிக்கொள்கிறவன் இருந்த பாட்டனுக்குத் துரோகம் செய்கிறான். இருந்ததைச் சொல். கூலி என்றால் கூலி. காவல் என்றால் காவல். நிஜமான ஒரு பெயர் ஆயிரம் கற்பனைப் பட்டங்களை விடக் கனமானது!

மூன்று மாத மகுடம், முப்பத்தைந்து ஆண்டு வாழ்வு

இங்கிலாந்தின் எலிசபெத் அரசிக்குத் தூது விட்டவன் எரிக். ஸ்காட்லாந்தின் மேரிக்கும் தூது விட்டவன். கடைசியில் 1568 ஜூலை 4ஆம் தேதி ஸ்டாக்ஹோமில் காரினை ஊரறிய மணந்தான். மறுநாள் அவள் தலையில் மகுடம் ஏறியது. சிறைக்காவலரின் மகள் சுவீடனின் அரசி!

எரிக் ஏற்கெனவே மனநிலை தடுமாறி 1567ல் உப்சாலாவில் பெருங்குடிப் பிரபுக்களைக் கொன்றிருந்தான். பணிப்பெண்ணின் பிள்ளைகள் நாளைக்கு அரியணை ஏறுவார்கள் என்பதும் சேர்ந்துகொள்ளவே, பிரபுக்கள் கொதித்தார்கள். தம்பிகள் யோகானும் காரலும் படை திரட்டினார்கள். செப்டம்பர் இறுதியில் ஸ்டாக்ஹோம் விழுந்தது. மூன்று மாதம்கூட நிறையவில்லை, மகுடம் போயிற்று.

பிறகு சிறை. துர்க்கு கோட்டை, காஸ்டல்ஹோல்ம், கிரிப்ஸ்ஹோல்ம், வெஸ்டெரோஸ் என்று ஒன்றுக்குப் பின் ஒன்று. சிறைக்காலத்தில் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகளும் பிஞ்சிலேயே இறந்தன. 1573ல் கணவனிடமிருந்து அவளைப் பிரித்து மறுபடி துர்க்குவுக்கு அனுப்பினார்கள். 1575ல் ஏழு வயது மகன் குஸ்தாவை அவளிடமிருந்து பிடுங்கி நாட்டை விட்டே வெளியேற்றினார்கள். 1577ல் எரிக் சிறையிலேயே செத்தான்.

கணக்குப் போட்டுப் பார். அப்போது அவளுக்கு வயது இருபத்தாறு. தாய் தகப்பன் இல்லை. கணவன் இல்லை. இரண்டு பிள்ளைகள் மண்ணில், ஒரு பிள்ளை பரதேசத்தில். மகுடமும் இல்லை, மரியாதையும் இல்லை. கையில் மிஞ்சியவள் மகள் சிக்ரிட் ஒருத்தி.

அரசன் கண்ணில் பட்டதை நான் அவளுடைய வெற்றி என்று சொல்ல மாட்டேன். அது அவள் தேடிப்போனதல்ல. மகுடத்தையும் வெற்றி என்று சொல்ல மாட்டேன். வந்த வேகத்தில் போயிற்று. இந்த இருபத்தாறாவது வயதுக்குப் பிறகு அவள் என்ன செய்தாள் என்று பார். அங்கேதான் நம் பாடம் இருக்கிறது.

பின்லாந்தின் காங்கசாலா வட்டாரத்தில் லியுக்சியாலா என்ற பண்ணையை அவளுக்கு விட்டுக்கொடுத்தார்கள். போனாள். அழுதுகொண்டு மூலையில் உட்கார்ந்து காலத்தைப் போக்கவில்லை. பண்ணையை நடத்தினாள். மகளை வளர்த்தாள். சுற்றுவட்டாரத்து மக்களின் மதிப்பைச் சம்பாதித்தாள். 1577 முதல் 1612 வரை முப்பத்தைந்து ஆண்டுகள்! மகுடம் அணிந்தது மூன்று மாதம், தன் காலில் நின்றது முப்பத்தைந்து ஆண்டு.

1596ல் மகனைப் பார்க்க ஒரே ஒருமுறை அனுமதி கிடைத்தது. கடல் கடந்து தாலினுக்குப் போனாள். இருபத்தொரு ஆண்டுகளுக்குப் பிறகு எதிரே ஓர் அந்நியன் நின்றான். வறுமையில் வாடியவன், கத்தோலிக்கனாக வளர்க்கப்பட்டவன், தாய்மொழியையே மறந்தவன். உடம்பிலிருந்த மச்சங்களை வைத்துத்தான் தன் மகன் என்று அடையாளம் கண்டாள் என்கிறார்கள். பேச ஒரு பொது மொழிகூட இல்லாமல் தாயும் மகனும் நின்ற அந்தக் கணத்தை எண்ணிப் பார். பிறகு அவள் லியுக்சியாலாவுக்குத் திரும்பினாள். பண்ணை வேலைகள் காத்திருந்தன. செய்தாள்!

ஒரு தேர்வில் தோற்றதற்கு, ஒரு வேலை கைநழுவியதற்கு, நாலு பேர் எள்ளி நகைத்ததற்கு வாழ்க்கையே முடிந்தது என்று கதவைச் சாத்திக்கொள்கிறாயே, இந்தப் பெண்ணை நினை!

நேர்வழி அடைத்தால் சந்துவழி

காரின் அரசியானதால் அவளைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிகிறது. அவள் காலத்திலும் அடுத்த இருநூறு ஆண்டுகளிலும் வாழ்ந்த லட்சக்கணக்கான சுவீடன் பெண்கள் என்ன ஆனார்கள்? பால் கறந்தவர்கள், நூல் நூற்றவர்கள், போருக்குப் போன கணவன் திரும்பாமல் பண்ணையைத் தனியாக நடத்தியவர்கள். அவர்களையும் இன்றைக்குத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். எப்படி என்று தெரிந்துகொள். அந்தத் தேடலில் உனக்குத் தேவையான பிடிவாதம் இருக்கிறது.

1686ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், ஒவ்வொரு பங்கின் பாதிரியாரும் பிறப்பு, திருமணம், இறப்பு ஏடுகளை எழுத வேண்டும் என்றது. வெஸ்டெரோஸ் மறைமாவட்டத்தில் ஆயர் ரூட்பெக்கியுஸ் 1620களிலேயே இந்த வேலையைத் தொடங்கி வைத்திருந்தார். அதோடு வீட்டு விசாரணை ஏடு என்ற ஒன்றும் உண்டு. அதன் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார். மேலே பண்ணையின் பெயர். அதன்கீழே வீட்டுக்காரர், மனைவி, பிள்ளைகள், அவர்களுக்கும் கீழே வேலையாள், கடைசியில் வேலைக்காரப் பெண். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சின்னச் சின்னக் கட்டங்கள். வாசிக்கத் தெரியுமா? லூத்தரின் ஞானோபதேசம் மனப்பாடமா? பொருள் புரிந்திருக்கிறதா? பாதிரியார் வந்து கேட்டு, அந்தக் கட்டங்களில் கோடும் குறியுமாகப் போட்டிருப்பார். வேறு பண்ணைக்கு வேலைக்குப் போனால் அவள் பெயர் அடிக்கப்பட்டு, எந்த ஊருக்குப் போனாள் என்ற குறிப்பு ஓரத்தில் இருக்கும். மாட்டுக்கொட்டில் கழுவிய பெண்ணின் வாசிப்புக்கு மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறது அந்த ஏடு!

ஆனால் எல்லாம் இப்படிச் சுலபமாகக் கிடைப்பதில்லை. பழைய ஞானஸ்நான ஏடுகள் பலவற்றில் குழந்தையின் பெயர் இருக்கும், தகப்பன் பெயர் இருக்கும், பெற்றவளின் பெயர் இருக்காது. பத்து மாதம் சுமந்தவளுக்கு ஒரு வரிகூட இல்லை! 1697 மே 7ஆம் தேதி ஸ்டாக்ஹோமின் அரண்மனையான மூன்று மகுடக் கோட்டை எரிந்தபோது நாட்டின் ஏடுகளில் பெரும்பகுதி சாம்பலானது. எழுத்தோ பழைய ஜெர்மன் பாணிக் கிறுக்கல். தேதியும் திருவிழா ஞாயிறுகளின் பெயரால் குறிக்கப்பட்டிருக்கும். 1712ல் பிப்ரவரி 30 என்று ஒரு தேதியைப் பார்த்தால் பாதிரியார் தவறிவிட்டார் என்று ஒதுக்காதே. நாள்காட்டிக் குழப்பத்தைச் சரிசெய்ய அந்த ஆண்டு சுவீடனில் பிப்ரவரிக்கு 30 நாள் கொடுத்தார்கள்.

இத்தனை தடைக்கும் தேடுகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. தாய் பெயர் இல்லையா? ஞானத்தாயாக யார் யார் நின்றார்கள் என்று பார். பெரும்பாலும் தாயின் உடன்பிறந்தவர்களும் உறவுக்காரர்களும்தான் நிற்பார்கள். பிள்ளை பெற்றபின் அவள் கோயிலுக்கு வந்து ஆசி பெற்ற குறிப்பு இருக்கிறதா என்று பார். அங்கேயும் இல்லையா? மாவட்ட நீதிமன்றப் பதிவுகளைப் புரட்டு. கிராமப்புறத்தில் அண்ணன் பங்கில் பாதிதான் தங்கைக்கு என்று சட்டம் இருந்தது. 1845 வரைக்கும் அந்த அநியாயம் நீடித்தது. அந்தப் பாதிப் பங்குக்காகப் பெண்கள் வழக்காடினார்கள். வழக்காடியவள் யாருடைய மகள், யாருடைய மனைவி, எந்த நிலம் என்று எல்லாம் அங்கே எழுதிக் கிடக்கிறது. அநியாயத்தை எதிர்த்து வாய் திறந்தவளை ஏடு மறக்கவில்லை, கவனி!

1734ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகு ஒருவர் இறந்தால் அவருடைய சொத்துப் பட்டியலை எழுதியாக வேண்டும். அதில் மகள்களின் பெயர், அவர்கள் கட்டிக்கொண்ட கணவன்மார் பெயர், அடுக்களைப் பாத்திரம்வரை இருக்கும். அதற்கும் முன்னால் போக வேண்டுமா? டென்மார்க் பிடித்துவைத்த எல்ப்ஸ்போரி கோட்டையை மீட்க 1613ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி பத்து லட்சம் வெள்ளி நாணயம் கட்ட வேண்டியிருந்தது. அதற்காக நாடு முழுக்கத் தலைவரி போட்டார்கள், அந்த வரிப் பட்டியல்களைப் பார். பண்ணை வேலைக்காரப் பெண்களையும் விடவில்லை. வேலைக்காரியின் காசும் சேர்ந்துதான் அந்தக் கோட்டை மீண்டது!

காரின் ஒருத்தியைத் தேடவே மூன்று பெயர்களோடு போக வேண்டும். ஒரு ஏட்டில் காரின், ஒரு ஏட்டில் கத்தரினா, பின்லாந்துக்காரர்களுக்கோ அவள் காரினா மௌனுன்தூதார். ஒரு பெயரில் கிடைக்கவில்லை என்று திரும்பியவனுக்கு அவள் கிடைக்க மாட்டாள். மூன்று பெயரிலும் தேடியவனுக்குக் கிடைப்பாள்.

அவளுக்கு மகுடம் ஏறிய அதே 1568ல் பிறந்தவர் யொஹான்னஸ் புரேயுஸ். அரசவை அறிஞர். வடக்கே நெடுந்தூரம் பயணம் செய்து, கேட்டுக் கேட்டுத் தன் புரே குலத்தின் வம்சாவளியை எழுதினார். மகள்கள் வழியாகக் கிளைத்த குடும்பங்களையும் அதில் சேர்த்தார். மிகப் பழைய தலைமுறைகளைப் பற்றி அவர் எழுதியதைப் பின்வந்தவர்கள் ஏற்கவில்லை. ஆனால் பெண்வழியையும் எழுதிவைத்த அந்த உழைப்பால்தான் இன்றும் வடசுவீடன் மக்கள் தங்கள் வேரைத் தேடும்போது அந்த ஏட்டைத் திறக்கிறார்கள்.

தோழா, தோழியே! வாழ்க்கையிலும் இதே வழிதான். பரிந்துரைக்க ஆளில்லையா? வேறு வாசல் தேடு. விண்ணப்பம் திரும்பி வந்ததா? வேறு பெயரில் இருக்கும் அதே வாய்ப்பைத் தேடு. ஒரு ஏடு எரிந்துவிட்டதா? எரியாத ஏடு எங்கோ இருக்கிறது. போ, தேடு!

பின்னால் சுவர், முன்னால் பெருவழி

காரினின் வம்சத்தில் மேல்நோக்கி ஏறினால் மோன்ஸ், இங்ரிட் என்ற இரண்டு பெயர்களோடு பாதை முடிகிறது. அதே இடத்தில் திரும்பிக் கீழ்நோக்கி நடந்து பார்.

மகள் சிக்ரிட் பிரபு குடும்பத்து ஹென்றிக் டொட் என்பவரை மணந்தாள். அவர்கள் மகன் ஓகே டொட், 1598ல் பிறந்தவன். முப்பதாண்டுப் போரில் சுவீடன் படையின் பீல்டு மார்ஷலாக உயர்ந்தான். அவன் மகன் கிளாஸ் டொட், கிறிஸ்டினா அரசியின் அவையில் செல்வாக்கோடு விளங்கியவன். சுவீடனின் தூதுவனாக 1674ல் பாரிஸில் இறந்தான். சந்தையில் காய்கறி விற்ற இங்ரிட்டின் பேத்தியின் மகன் பீல்டு மார்ஷல். அவனுடைய மகன் பிரான்ஸ் மன்னரின் அவையில் தூதுவன்!

காரின் 1612ல் இறந்தாள். துர்க்கு பேராலயத்தில் இன்றும் அவளுடைய கல்லறைப் பேழை இருக்கிறது. பின்லாந்து மண்ணில் அடக்கமான ஒரே சுவீடன் அரசி அவள்தான். பேரன் ஓகே டொட்டின் நினைவிடமும் அதே பேராலயத்தில்தான் இருக்கிறது. அவளைக் கீழே தள்ளியவர்களுக்கு அவள் பிறப்பு குறையாகத் தெரிந்தது. அவளைச் சிறையிட்ட அதே துர்க்கு நகரம் இன்று அவளைத் தன் பேராலயத்துக்குள் வைத்துப் போற்றுகிறது.

பின்னால் இருக்கிற சுவர் முன்னால் போகிற பாதையை அடைக்காது. இதைத்தான் நான் உன்னிடம் சொல்ல வந்தேன். உன் முன்னோர் யார் என்பது தெரியாமல் போகலாம். தெரிந்தாலும் சொல்லிக்கொள்ளப் பட்டம் பதவி இல்லாமல் இருக்கலாம். அதனால் உன் நாளைய தினத்தில் ஒரு நாழிகைகூடக் குறையாது.

பெரிய பரம்பரை இருக்கிறவனுக்கும் ஒரு வார்த்தை. பரம்பரைப் பெருமை பரணில் கிடக்கிற வெண்கலப் பானை. இறக்கி, விளக்கி, அடுப்பில் ஏற்றி, உன் கையால் அரிசி போட்டால்தான் சோறு. பானை இல்லாதவன் மண்சட்டியில் பொங்கிச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான். நீ இன்னும் பரணைப் பார்த்துக்கொண்டு நிற்காதே!

இன்றே செய்ய வேண்டியவை

பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சுவீடன் மக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். நிலமில்லாத உழவர்களும் பண்ணை வேலைக்காரப் பெண்களும் அதில் ஏராளம். அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்று அந்தப் பழைய பங்கு ஏடுகளைத் திறந்து தேடுகிறார்கள். சுவீடன் தேசிய ஆவணக் காப்பகம் அந்தப் பக்கங்களைப் படமெடுத்து இணையத்தில் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. “என் பாட்டியின் பாட்டி வேலைக்காரப் பெண்” என்று கண்டுபிடித்தவர்கள் வெட்கப்படுவதில்லை. எந்தப் பண்ணையில் வேலை செய்தாள் என்று தேடி, அந்த ஊருக்கே போய் நின்று பார்க்கிறார்கள். அவர்களால் முடியும்போது உனக்கு என்ன தயக்கம்?

முதலாவது, தெரிந்ததிலிருந்து தொடங்கு. வம்சம் தேடுகிறவன் ராஜராஜனிலிருந்து கீழே இறங்க மாட்டான். தன்னிலிருந்து தொடங்கித் தாய், தாயின் தாய் என்று ஒவ்வொரு படியாக ஏறுவான். முன்னேற நினைக்கிறவனும் அப்படித்தான். இன்றைக்குக் கையில் என்ன திறமை இருக்கிறதோ அதிலிருந்து ஒரு படி ஏறு. அந்தப் படியில் கால் நின்றபின் அடுத்தது.

இரண்டாவது, கசப்பான பக்கத்தைக் கிழிக்காதே. குடும்பத்தில் தோற்றவர் இருப்பார், கடன்பட்டவர் இருப்பார், சிறைக்குப் போனவரும் இருக்கலாம். காரினின் வரலாற்றில் சிறையைக் கழித்துவிட்டால் மூன்று மாத அரசி ஒருத்திதான் மிஞ்சுவாள். சிறையையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த முப்பத்தைந்து ஆண்டின் உயரம் தெரியும். உன் தோல்விகளும் அப்படியே. மறைத்தால் அவை உன்னை ஆளும், எழுதிவைத்தால் அவை உனக்கு வேலை செய்யும்.

மூன்றாவது, பெண்களின் பெயரை எழுது. நம் வீடுகளில் ஆண்வழியில் நாலு தலைமுறை சொல்பவர்கூட அப்பத்தாவின் தாய் பெயரைக் கேட்டால் விழிக்கிறார். பழைய சுவீடன் பாதிரியார் தாயின் பெயரை எழுதாமல் விட்டதைக் குறை சொன்னோமே, நாம் மட்டும் எழுதி வைத்திருக்கிறோமா? களையெடுத்துக் குடும்பத்தைக் காத்தவள், தாலியை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்தவள், கணவன் செத்தபின் இட்லி விற்றுக் கரை சேர்த்தவள் என்று உன் வீட்டிலும் ஒருத்தி இருந்திருப்பாள். அவளுடைய பிடிவாதம் உன் ரத்தத்தில் ஓடுகிறது. அவள் பெயர்கூடத் தெரியாமல் நீ எந்தத் தைரியத்தை வெளியே தேடி அலைகிறாய்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை வெளியே எங்கும் போகாதே. ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வீட்டில் மூத்த பெண்மணி யாரோ அவர் பக்கத்தில் உட்கார். உங்கள் அம்மா பெயர் என்ன, அவரைப் பெற்றவர் பெயர் என்ன, எந்த ஊர், என்ன வேலை செய்தார்கள், எதைக் கண்டு பயந்தார்கள், எப்படிப் பிழைத்தார்கள் என்று கேள். அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுது. அவர் போனபின் இந்தச் செய்தியைத் தர உலகத்தில் எந்த ஆவணக் காப்பகமும் கிடையாது. எழுதி முடித்ததும் அந்தப் பட்டியலின் அடியில் உன் பெயரை எழுது. மறுநாள் திங்கட்கிழமை. எந்த வேலையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாயோ, அந்த வேலையை அன்று காலையிலேயே தொடங்கு!